பாதி உண்மை பேசும் திரை

பட்டனை அமுக்குகிறீர்கள். விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது. மானிட்டரில் கறுப்பாக ஒரு வரி: ‘நோ பூட்டபிள் டிவைஸ்’. கம்ப்யூட்டர்காரர்கள் எழுதியதிலேயே மோசமான வாசகம் இதுதான் என்பேன். பொய் சொல்லவில்லை, பாதி உண்மையோடு நிறுத்திக்கொள்கிறது.

‘விண்டோஸைத் தேடினேன், கிடைக்கவில்லை’ என்பதுதான் அதற்கு அர்த்தம். ‘உங்கள் ஃபைல்கள் அழிந்தன’ என்பதல்ல. இதைச் சொல்லாததால்தான் மதுரையில் நாம் அடுத்து கேட்பது, “ஓ.எஸ். போயிருச்சு சார், ஃபார்மட் அடிச்சிரலாம்!” அடித்தால் கல்யாண போட்டோவும் கடைக் கணக்கும் சேர்ந்து காலி.

பென் டிரைவ் செருகியபடியே இருந்திருக்கலாம். டிஸ்க் கேபிள் தளர்ந்திருக்கலாம். மதர்போர்டின் 3 வோல்ட் பட்டன் பேட்டரி தீர்ந்து, செட்டிங் மறந்துபோயிருக்கலாம். எதற்கும் ஃபார்மட் மருந்தல்ல. இரண்டு வரி கூடுதலாக எழுத அந்தக் கறுப்புத் திரையில் இடமா இல்லை?

2024 ஜூலை 19 ஞாபகமிருக்கிறதா? கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு கோளாறான ஃபைலால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. அன்று திரை கறுப்பல்ல, நீலம். நம் ஏர்போர்ட்டுகளில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். வைத்தியம்? சேஃப் மோடில் போய் அந்த ஒரு ஃபைலை நீக்குவது. அவ்வளவுதான்!

டிஸ்க்கே செத்திருக்கவும் வாய்ப்புண்டு. அதைச் சோதித்துவிட்டுச் சொல்லட்டும். அதுவரை நீங்கள் சொல்லவேண்டியது ஒன்றுதான்: “அண்ணே, மொதல்ல டிஸ்க்கைக் கழட்டி வேற மெஷின்ல மாட்டிப் பாருங்க. ஃபைலெல்லாம் காப்பி எடுத்துட்டு அப்புறம் பேசுவோம்.”