வினைத்திறன் வழிபாடும் பாடசாலைத் தலைமையும்

ஆசிரியராகப் பணிபுரியும் ஒருவரை அதிபர் பதவிக்கு ஆயத்தஞ் செய்யும்பொழுது பல்கலைக்கழகம் எதனைக் கற்பிக்க வேண்டும் என்னும் வினா கல்வித்துறையினர்க்கு மட்டும் உரியதன்று. பாடசாலையில் எவ்வறிவு பேணப்படும், எது செலவு மிக்கதெனத் தள்ளப்படும் என்பதை அவ்வினாவுக்கான விடையே பெருமளவு தீர்மானிக்கின்றது. எனவே இலக்கிய மாணவராகிய நமக்கும் அதில் அக்கறையுண்டு. இவ்வகையில், றேமண்ட் கலஹன் 1962இல் வெளியிட்ட ‘கல்வியும் வினைத்திறன் வழிபாடும்’ என்னும் ஆங்கில நூல் இன்றும் நுணுகி நோக்கற்பாலது.

ஐக்கிய அமெரிக்காவின் பாடசாலை நிருவாகம் இருபதாம் நூற்றாண்டின் முதல் மூன்று தசாப்தங்களில் வணிக உலகின் விழுமியங்களை ஏற்றுக்கொண்டமையே இந்நூலின் பொருள். பிறெடெரிக் டெய்லரின் விஞ்ஞான முகாமைத்துவம் பற்றிய நூல் 1911இல் வெளிவந்தது. தொழிற்சாலைக்கென வகுக்கப்பட்ட அம்முறை ஓரிரு ஆண்டுகளுள்ளேயே பாடசாலைக்குட் புகுந்தது. நியூற்றன் நகரப் பாடசாலைகளின் அத்தியட்சகராயிருந்த பிறாங் ஸ்போல்டிங், ஒவ்வொரு பாடத்துக்குமான செலவை 1913இற் கணக்கிட்டு முன்வைத்தார். ஒரே தொகைக்குக் கிரேக்கத்தில் 5.9 மாணவர்-பாடவேளைகளும் பிரெஞ்சில் 23.8 மாணவர்-பாடவேளைகளும் கிடைப்பதாக அவர் கண்டார். ஆகவே அவ்விலைக்குக் கிரேக்கத்தை மேலும் வாங்கலாகாது என்பது அவர் முடிபு. கிரேக்கம் கற்பிக்கப்படவேண்டுமா என்பது விவாதத்துக்குரியதே. ஆயின் அவ்விவாதம் அங்கு நிகழவில்லை. விலைப்பட்டியலே அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

பட்டப்பின் கல்வி இப்போக்குக்குப் புலமை அங்கீகாரம் அளித்தது. கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 1905இற் கலாநிதிப் பட்டம் பெற்ற எல்வூட் கபர்லி, ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்திற் கல்வி நிருவாகத்துறையை வளர்த்தெடுத்தவர். 1916இல் வெளியிட்ட நூலிற் பாடசாலையைத் தொழிற்சாலையாகவும் பிள்ளைகளை மூலப்பொருளாகவும் அவர் உருவகித்தார். உருவகம் கருத்துநிலையைச் சுமந்து செல்லும் என்பதை நாம் அறிவோம். மூலப்பொருளுக்கு வரலாறோ விருப்போ இல்லை. ஆகவே பிள்ளையை மூலப்பொருளாகக் கொண்ட பாடநெறியில் நிதி, கட்டடம், பதிவேடு ஆகியன ஆய்வுப் பொருள்களாயின. கல்வியின் நோக்கம் ஆய்வுக்கு அப்பாற் சென்றது. கல்விமான் அல்லாத நிருவாகிகள் உருவாக்கப்பட்டனர் என்றும், ஐயத்துக்குரிய முறைகளுக்கு விஞ்ஞானம் என்ற பெயர் சூட்டப்பட்டது என்றும் கலஹன் கூறுவன ஏற்புடையனவே.

எனினும், காரணங் காணுமிடத்து நூல் தளர்கின்றது. அத்தியட்சகர்கள் உள்ளூர்க் கல்விச் சபைகளின் தயவிலே பதவி வகித்தனர். கண்டனத்துக்கு அஞ்சி வணிகரின் மொழியைத் தமதாக்கிக்கொண்டனர் என்பதே கலஹனின் விளக்கம். அச்சம் உண்மையே. ஆனால் யாருக்கு அஞ்சினர்? 1927இல் ஜோர்ஜ் கவுண்ட்ஸ் வெளியிட்ட ஆய்வு, அச்சபைகளில் உடைமையாளரும் உயர்தொழிலாளரும் ஓங்கியிருந்ததையும் உடலுழைப்பாளர் அருகியிருந்ததையும் காட்டிற்று. எனவே கலஹன் பலவீனமெனக் கண்டது ஒரு வர்க்க உறவாகும். 1976இல் போல்ஸ், ஜின்டிஸ் ஆகியோர் பாடசாலையின் அதிகார அமைப்பை முதலாளித்துவ உற்பத்தியின் அதிகார அமைப்போடு பொருத்திக் காட்டியபோது இவ்வுறவு தெளிவு பெற்றது. ஆயினும் அப்பொருத்தத்தை இயந்திரரீதியாகப் பிரயோகிப்போமாயின் பாடசாலைக்குள் நிகழும் போராட்டம் நம் கண்ணுக்குப் புலப்படாது போய்விடும்.

அப்போராட்டத்துக்கு எல்லா பிளாக் யங் சான்றாவார். 1862இற் சிக்காகோவில் ஆசிரியப் பணியைத் தொடங்கிய அவர், ஐம்பது வயது கடந்தபின் ஜோன் டூயியிடம் கற்று 1900இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதிகாரம் மேலே குவிதலும் ஆசிரியர் பிறர் வகுத்த திட்டத்தை நிறைவேற்றுவோராகத் தாழ்தலும் அவரது ஆய்வின் பொருளாயின. பரிகாரமாக ஆசிரியர் மன்றங்களை அவர் வேண்டினார். 1909 முதல் 1915 வரை அந்நகரப் பாடசாலைகளின் அத்தியட்சகராயிருந்த காலத்தில் அவருக்கு ஆதரவாக நின்றோருள் ஒழுங்கமைந்த ஆசிரியர் சங்கத்தினர் முக்கியமானவர்கள். ஆசிரியரின் அனுபவத்தைக் கோட்பாடாக உயர்த்தும் பட்டப்பின் கல்வி சாத்தியமானதே என்பதற்கு இதனிலும் நல்ல சான்று வேண்டியதில்லை. அது நிலைபெறாமைக்கு ஆற்றற் குறைவு காரணமன்று. அதிகாரச் சமநிலையே காரணம்.

இவ்வரலாறு நமக்குப் புறம்பானதன்று. 1985ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தினால் தேசிய கல்வி நிறுவகம் அமைந்தது. பல்கலைக்கழகக் கல்விப் பீடங்களோடு அதுவும் ஆசிரியர்க்கும் அதிபர்க்கும் உயர்பட்டங்களுக்கு வழி திறந்துள்ளது. அவ்வழி வேண்டியதே. ஆனால் உள்ளீடு, வெளியீடு, செயலாற்றுகை எனும் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று வினவாமலே கல்வி முகாமைத்துவத்தை நாம் கற்பிக்கலாகாது. இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்பது 1970களிலேயே தொடங்கிற்று. அந்த இடைவெளியைப் பெற்ற ஒரு பாடசாலைக்கு அதிபராகச் செல்பவர் நேர அட்டவணையும் வரவுசெலவும் அறிந்திருக்கவேண்டும் என்பதில் ஐயமில்லை. அவற்றோடு, அவ்விடைவெளி யாருடைய நலனுக்காக நீடித்தது என்பதையும் அவர் ஆராய்ந்திருக்க வேண்டும். அவ்வாராய்ச்சியை மேற்கொள்ளும் தகுதி ஆசிரியர்க்கு உண்டு. அதற்கு இடமளிக்கும் வகையிற் பாடநெறியின் ஆய்வுத் தலைப்புகளையும் வாசிப்பு நூல்களையும் மாற்றியமைப்பது பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நமது கடனாகும்.