மும்மடங்கு வேகமும் எண்மடங்கு வேலையும்

"கணிப்பொறிக்கு இன்னும் எத்தனை வேகம்தான் வேண்டும், ஸார்?" என்று வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார். கைத்தொலைபேசியே தொட்டவுடன் படம் காட்டுகிறது; ஆண்டுதோறும் புதிய ப்ராசசர்களை, அதாவது செயலிகளை, சந்தைக்குக் கொண்டுவருவது வணிகத் தந்திரம் அன்றோ என்பது அவர் வாதம். பாதி நியாயம் உண்டு. ஆனால் அவர் பூந்தமல்லியிலிருந்து வருபவர். மீதிப் பாதிக்கான விடை அவர் ஊருக்குப் பக்கத்திலேயே, செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் இருக்கிறது.

2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. அடையாற்றின் கரையோரப் பகுதிகள் மூழ்கின. முன்கூட்டியே ஏரியில் இடம் ஒதுக்கி வைத்திருக்கலாமே என்று அன்று கேட்காதவர் இல்லை.

வாசகர்களே, பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அதில் 500 மில்லியன் கன அடியைக் காலி செய்ய வேண்டும். ஆறு கரைமீறாதபடி வினாடிக்கு 5,000 கன அடி வீதம் திறக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். புதிய நீர்வரத்தே இல்லாவிட்டாலும் ஆகும் நேரம் 1,00,000 வினாடி, ஏறக்குறைய 28 மணி! ஆகவே "இன்றிரவு வடதமிழகத்தில் கனமழை" என்ற செய்தி மதகருகே நிற்பவருக்குப் போதாது. மழை பொய்த்தால், சென்னையின் குடிநீரைக் கடலுக்கு அனுப்பிய பழியும் அவர் தலையில் விழும். எந்த ஏரியின் நீர்ப்பிடிப்பில் எத்தனை சென்டிமீட்டர் என்று ஒரு நாளுக்கு மேல் முன்னதாக அவருக்குத் தெரிய வேண்டும்.

காற்று மண்டலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதம், காற்றோட்டம் ஆகியவற்றை இயற்பியல் விதிகளின்படி சிறிது சிறிதாகக் காலத்தில் முன்னே நகர்த்துவதே வானிலைக் கணிப்பின் முறை. 1950-இல் அமெரிக்காவின் எனியாக் கணிப்பொறியில் இதைச் செய்து பார்த்தபோது கட்டங்களின் இடைவெளி 700 கிலோமீட்டருக்கு மேல். ஒரு நாள் வானிலையைக் கணக்கிட ஏறக்குறைய ஒரு நாளே ஆயிற்று. நாளைய செய்தி நாளைக்கே வந்து சேர்ந்தது!

நம் நாட்டில் இப்பணிக்காக 1989-இல் டெல்லியில் கிரே எக்ஸ்-எம்பி நிறுவப்பட்டது. 2018-இல் புனேயில் பிரத்யூஷ், நொய்டாவில் மிஹிர் என இரு இயந்திரங்கள் வந்தன. உலகளாவிய கணிப்பின் கட்டம் 12 கிலோமீட்டர் ஆயிற்று. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் அப்படிப்பட்ட ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். ஆவடியில் கொட்டித் தீர்த்து, அம்பத்தூரில் தூறலும் இல்லாத மாலைகளை நாம் எத்தனை பார்த்திருக்கிறோம்! கணிப்பொறிக்கோ மூன்றுக்கும் ஒரே மழை. இடிமேகம் ஒன்றின் அகலம் சில கிலோமீட்டர்தான். கட்டத்தைவிடச் சிறிய மேகம் வலையில் சிக்காத மீன். அதன் பங்கைத் தோராயச் சூத்திரத்தால் ஈடுசெய்கிறார்கள்.

கட்டத்தை 6 கிலோமீட்டராக்கினால் ஒன்று இருந்த இடத்தில் நான்கு வரும். அத்துடன் முடியவில்லை. ஒரே எட்டில் காற்று கட்டத்தையே தாண்டிவிட்டால் எளிய முறைகளில் கணக்கு குலைந்துபோகும். ஆகவே கால எட்டையும் பாதியாக்க வேண்டும். வேலை எட்டு மடங்கு. 3 கிலோமீட்டருக்கு 64 மடங்கு, ஒன்றரைக்கு 512. முன்னறிவிப்பு வெளிவர வேண்டிய நேரம் மட்டும் மாறாது. வேகப்பசி பிறக்கும் இடம் இதுதான். இதில் வணிகத் தந்திரம் எதுவுமில்லை.

இனி என் குறைக்கு வருகிறேன். 2024 செப்டம்பரில் அர்க்கா, அருணிகா என்ற புதிய இயந்திரங்கள் தொடங்கி வைக்கப்பட்டன. செய்திகளில் முன்னே நின்றவை 11.77, 8.24 பெட்டாஃபிளாப் என்ற எண்களே. ஒரு பெட்டாஃபிளாப் என்பது வினாடிக்குப் பத்துக் கோடி கோடி கணக்குகள். முன்னிருந்த இரண்டும் சேர்ந்து 6.8; இவை இரண்டும் சேர்ந்து 20. ஏறக்குறைய மும்மடங்கு. 2025 மே மாதத்தில் 6 கிலோமீட்டர் கட்டமுள்ள 'பாரத் முன்னறிவிப்பு முறை' வந்தது. என் எட்டு மடங்கு தோராயக் கணக்குதான். எனினும் மூன்றுக்கும் எட்டுக்கும் உள்ள இடைவெளி கண்ணில் படுகிறதல்லவா? பூகோளத்தின் மீது கட்டங்களை விரிக்கும் முறையையே இதில் மாற்றியிருக்கிறார்கள். கணிதத்தின் கைவேலை அது. அதைப் பேசியவர்கள் மிகக் குறைவு.

அந்தப் பெட்டாஃபிளாப் எண்ணும் உச்ச வேகமே. செயலியின் துடிப்பு 2005-ஐ ஒட்டி 3, 4 கிகாஹெர்ட்சில் தேங்கிவிட்டது. மேலும் விரட்டினால் வெப்பத்தைச் சில்லு தாங்காது. எனவே ஆயிரக்கணக்கான செயலிகளை ஒன்றாகக் கட்டுகிறார்கள். பக்கத்துக் கட்டத்தின் காற்று தெரியாமல் இந்தக் கட்டம் நகர முடியாது. ஆகையால் ஒன்றுக்கொன்று காத்துக் கிடக்கின்றன. ஒரு நானோ வினாடியில் ஒளியே 30 சென்டிமீட்டர்தான் செல்லும். அதற்குள் செயலி மூன்று முறை துடித்துவிடுகிறதே! உச்ச வேகத்தில் வானிலைக் கணக்குக்குக் கிட்டுவது பெரும்பாலும் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ரயிலின் உச்ச வேகத்தை மட்டும் சொல்லி, ஆவடியிலிருந்து சென்ட்ரல் போய்ச் சேர எத்தனை நிமிடம் என்பதைச் சொல்லாமல் விட்டால் பயணி என்ன செய்வார்?

தொடக்க அளவீடுகள் வேறு இருக்கின்றன. வங்கக்கடலின் மேல் காற்றும் ஈரமும் இந்தக் கணத்தில் எப்படி உள்ளன என்பது பிழையாகத் தெரிந்தால், வேகமான செயலி பிழையான விடையை விரைவில் தரும். சென்னைத் துறைமுகத்தில் 2002-இல் டாப்ளர் ராடார் வைத்ததும் இத்தேவைக்காகவே. மழைமானிகளைப் பற்றி எந்தத் தொடக்க விழாவிலும் யாரும் பேசக் காணோம்.

இவ்வளவையும் கரும்பலகையில் எழுதி முடித்தபோது அந்த மாணவர் மறுபடி எழுந்தார். "கட்டம் ஒன்றரை கிலோமீட்டர் ஆனால் எங்கள் தெருவும் ஏரியும் வெவ்வேறு கட்டத்தில் வருமா, ஸார்?" வரும் என்றேன், திருமழிசைக்கும் தனிக் கட்டம் கிடைக்கும். 512-ஐ நோட்டில் எழுதி, அதன் கீழ் இரண்டு கோடு போட்டுக்கொண்டார்.