பெயர்த்தெடுத்த வாக்கியம்

புகழ்பெற்றோர் வாய்தவறிக் கூறும் வார்த்தைகளைச் செய்தித்தாள்கள் எங்ஙனம் கையாளுகின்றன என்பதை ஆராயப் புகுவார்க்கு 1966ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று தக்க சான்றாகும். அவ்வாண்டு மார்ச்சு 4ஆந் திகதி, இலண்டன் ‘ஈவினிங் ஸ்ராண்டட்’ பத்திரிகையில், பீற்றில்ஸ் இசைக்குழுவைச் சேர்ந்த யோன் லெனனைப் பற்றி மோறீன் கிளீவ் என்னும் அம்மையார் எழுதிய கட்டுரை வெளிவந்தது. லெனனின் இல்லம், பொழுதுபோக்கு, நூற்பயிற்சி ஆகியவற்றைக் கூறிச்செல்லும் அக்கட்டுரையின் இடையே, கிறித்துவம் தேய்ந்து மறையும் என்றும், தம் குழு இயேசுவினும் மிக்க செல்வாக்குப் பெற்றுவிட்டது என்றும் அவர் கூறியவை காணப்பட்டன. இயேசுவிடம் குறையில்லை, சீடரே அவருடைய கருத்தைத் திரித்தனர் என்பதும் உடன் கூறப்பட்டது. சமய நூல்களை அவர் விரும்பிக் கற்றுவந்த காலம் அது. இங்கிலாந்தில் இக்கூற்றைப் பெரிதுபடுத்தியோர் அரியர்.

ஐந்து திங்கள் கழியுமுன், ‘டேற்புக்’ என்னும் அமெரிக்க இளைஞர் சஞ்சிகை அக்கூற்றின் ஒரு பகுதியை முகப்பட்டையில் பொறித்தது. பேட்டி உள்ளே இருந்தது. ஆயினும் நாடெங்கும் பரந்தது பெயர்த்தெடுத்த கூற்றேயன்றிப் பேட்டி முழுதுமன்று. அலபாமா மாநிலத்துப் பேர்மிங்காம் நகர வானொலி நிலையமொன்று குழுவின் பாடல்களை விலக்கியது. தென்மாநிலங்கள் சிலவற்றில் இசைத்தட்டுக்கள் தீக்கிரையாயின. அச்சிட்டதில் ஒரு சொல்லேனும் பொய்யன்று என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. பரிமேலழகர் உரையைப் பயின்ற மாணவன், இடம் நோக்காது சொற்குப் பொருள் கொள்ளத் துணியான். செய்தி எழுதுவோர்க்கு அப்பயிற்சி இல்லைபோலும்!

அதே முகப்பில் போல் மக்காட்னியின் கூற்றொன்றும் இருந்தது. கறுப்பு மக்களை அமெரிக்கா இழிவுபடுத்துவதை அது கடுஞ்சொற்களாற் கண்டித்தது. அதற்காக எவரும் தீமூட்டியதாகச் செய்தியில்லை. பேர்மிங்காம் நகரிலேயே 1963 செப்டெம்பர் 15ஆந் திகதி தேவாலயமொன்றில் வெடித்த குண்டு கறுப்பினச் சிறுமியர் நால்வரைப் பலிகொண்டிருந்தது. அவ்வாறிருக்க, இரு கூற்றுக்களுள் எதனை வளர்ப்பது, எதனை வாளா விடுவது என்னும் தெரிவிலேயே பக்கச்சார்பு குடிகொண்டது. தெய்வத்தை இகழ்ந்தான் என்று ஓர் இசைஞனைச் சாடுவது எளிது. வாசகர் தம்மையே நோக்கிக் கூசும் செய்தியைத் தலைப்பிடுவதோ அரிது.

லெனன் குற்றமற்றவர் என்பதற்கில்லை. கோடிக்கணக்கானோர் வணங்கும் திருவுருவோடு தம் குழுவை ஒருங்குவைத்துப் பேசியது செருக்கேயாம். இடஞ்சுட்டி விளக்கினும் அச்செருக்கு முற்றும் நீங்காது. அவ்வளவிற்கு அவரைக் கண்டித்த தலையங்கம் நேர்மையுடையதே. ஆனால், ஆகஸ்டு 11ஆந் திகதி சிக்காக்கோவில் நிருபர்கள் அவரைச் சூழ்ந்தபோது, கிறித்துவத்தின் நிலைபற்றி அவர் கருதியது யாது என்பதை அறியும் வேட்கையினும், வருத்தந் தெரிவிக்கும் ஒரு சொல்லைப் பெறும் வேட்கையே மேலோங்கி நின்றது. தொலைக்காட்சி இயேசுவினும் செல்வாக்குடையது எனக் கூறியிருப்பின் தாம் தப்பியிருக்கலாம் என்றார் லெனன். அது வெறும் சாதுரியமன்று. பொருள் அதுவேயாயினும், பெயர் மாறின் தலைப்புக்கு உதவாது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

ஆகஸ்டு 29ஆந் திகதி சான் பிரான்சிஸ்கோவில் அவ்விசைச் செலவு முடிவுற்றது. அலைச்சலாலும் கூச்சலாலும் முன்னரே சலிப்புற்றிருந்த அக்குழுவினர் அதன்பின் ஊர்தோறுஞ் சென்று கச்சேரி நடாத்தவில்லை.