முதல் வீச்சும் முழுத் தீர்ப்பும்

வாளும் கோடரியும் சுழலும் ஹேக் அண்ட் ஸ்லாஷ் கேம் ஒன்றின் அடுத்த பாகம் வெளியானால், அன்றைக்கே அதற்குத் தீர்ப்பும் வெளியாகிவிடுகிறது. முதல் இரண்டு மூன்று மணி நேர ஆட்டத்தை வைத்து 'முதல் பார்வை' சொல்வது இன்று கேம் விமர்சனத்தின் பெரிய வழக்கமாகிவிட்டது. 2025 அக்டோபர் 21 அன்று வந்த 'நின்ஜா கெய்டன் 4' இதற்குப் புதிய உதாரணம். மூன்றாம் பாகம் வந்தது 2012இல். பதின்மூன்று ஆண்டு காத்திருந்த ரசிகர்களுக்கு முன்னால் யாகுமோ என்ற புதிய இளைஞன் நிற்கிறான். தொடரின் பழைய நாயகன் ரியூ ஹயபுசா கைக்கு வர நெடுநேரம் ஆகிறது. முதல் சில மணி நேரம் மட்டும் ஆடியவர், தான் தேடி வந்த நாயகனைத் தொடாமலேயே கருத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் கருத்துக்கு எவ்வளவு மதிப்பு கொடுக்கலாம்?

இந்த வழக்கத்தை எடுத்த எடுப்பில் ஒதுக்கிவிட முடியாது. திருத்தணி போன்ற ஊரில் இருந்து பார்த்தால் அதன் தேவை நன்றாகவே புரியும். 2022இல் 'காட் ஆஃப் வார்: ராக்னராக்' வந்தபோது பிளேஸ்டேஷன் 5க்கு அதன் இந்திய விலை ரூ. 4,999. மலையடிவாரத்துக் கடையில் வேலைக்கு நிற்கிற இளைஞனுக்கு இது சின்னத் தொகையல்ல. பிளேஸ்டேஷன் கடையில் வாங்கி, கேமை டவுன்லோடு செய்யத் தொடங்கிவிட்டால், கேமில் கோளாறு இருந்தாலொழியப் பணம் திரும்பாது. கணினியில் ஆடுகிறவர்களுக்கு ஸ்டீம் கொஞ்சம் இரக்கம் காட்டுகிறது: வாங்கிய 14 நாளுக்குள், ஆடியது இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் ரீஃபண்ட் கேட்கலாம். ஆக, சந்தையே வாங்குகிறவனை இரண்டு மணி நேரத்தில் முடிவெடுக்கச் சொல்கிறது. "அண்ணா, எடுக்கலாமா, வேணாமா?" என்று கேட்கிற தம்பிக்கு, ஒரு மாதம் கழித்து வரும் ஆழமான ஆய்வைவிட அன்றிரவு கிடைக்கும் நேர்மையான முதல் பார்வைதான் உதவும்.

இந்த வகை கேம்களில் முதல் பார்வைக்குத் தனி நியாயமும் உண்டு. கதையை மட்டும் நம்பி ஓடும் கேமில் தொடக்கம் எதையும் சொல்லாமல் போகலாம். இங்கே அடிப்படை, கைக்கும் திரைக்கும் உள்ள உறவு. பட்டனை அழுத்தியதும் வாள் எழுகிறதா, அடி விழும் கணத்தில் படம் இமைப்பொழுது உறைந்து எடையை உணர்த்துகிறதா, பாதி வீச்சில் மனம் மாறினால் வீச்சை முறித்துக்கொண்டு விலக முடிகிறதா, எதிரி ஓங்குவதைக் கேமரா காட்டுகிறதா என்பதெல்லாம் முதல் அரை மணியிலேயே தெரிந்துவிடும். 2018இல் வந்த 'காட் ஆஃப் வார்' கேமில் லெவியதன் கோடரியை வீசிவிட்டு முக்கோணப் பட்டனை அழுத்திப் பாருங்கள். தூரத்தில் எதிரியின் உடலில் தைத்திருக்கும் கோடரி பிய்த்துக்கொண்டு சுழன்று வரும். நாயகன் க்ரேடோஸின் உள்ளங்கையில் அது வந்து அறைகிற அதே நொடியில் கன்ட்ரோலரும் நம் கைக்குள் அதிரும். அந்த ஒரு அதிர்விலேயே, செய்தவர்கள் தொழில் தெரிந்தவர்கள் என்று சொல்லிவிடலாம்.

குறையும் அப்படியே தெரியும். 2003இல் வந்த 'டெவில் மே க்ரை 2' நல்ல சான்று. முதல் பாகத்தில் வாளுக்கும் துப்பாக்கிக்கும் இருந்த சமநிலை போய், எட்ட நின்று சுட்டுக்கொண்டே இருந்தால் எதிரிகள் விழுந்தார்கள். அது சப்பையான கேம் என்று அன்றே சொன்னார்கள். இருபது ஆண்டுக்கு மேலாகியும் அந்தத் தீர்ப்பு மாறவில்லை. அதை முடித்துக் கொடுத்த இயக்குநர் ஹிடேக்கி இட்சுனோ, 2005இல் மூன்றாம் பாகத்தைப் பழைய கடுமையோடும் புதிய போர்ப் பாணிகளோடும் கொண்டுவந்து தொடரை நிமிர்த்தினார்.

முதல் பார்வையில் எது செல்லும், எது செல்லாது என்று பிரித்துக் காட்ட, அதே தொடரின் இன்னொரு கேமே போதும். இங்கிலாந்தின் நின்ஜா தியரி நிறுவனம் செய்த 'டிஎம்சி' கேமின் முதல் ட்ரெய்லர் 2010இல் டோக்கியோவில் காட்டப்பட்டது. தொடரின் நாயகனான வெள்ளை முடி டான்டே, கறுப்பு முடியோடு வந்து நின்றான். ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். 2013 ஜனவரியில் கேம் வந்தபோது விமர்சகர்கள் பலர் நல்லவிதமாகவே எழுதினார்கள். முடியின் நிறத்துக்கும் சண்டையின் தரத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லாமல் போனது. ஆனால் அதே கேமைக் கையில் எடுத்த முதல் நாளே ஆட்டக்காரர்கள் வேறு இரண்டு குறைகளையும் சொன்னார்கள். முந்தைய பாகங்கள் நொடிக்கு 60 பிரேமில் ஓடின, கன்சோலில் இது 30இல் ஓடுகிறது. ஓர் எதிரியைக் குறிவைத்துப் பிடித்து நிறுத்தும் லாக்-ஆன் வசதியும் இல்லை. இவை இரண்டும் கை கண்டுபிடித்த குறைகள். 2015இல் வந்த திருத்திய பதிப்பில் 60 பிரேமும் லாக்-ஆனும் சேர்க்கப்பட்டன. ஒரே கேம், ஒரே ரசிகர்கள், இரண்டு முதல் பார்வைகள். பழைய நினைவைக் காக்கக் கிளம்பிய பார்வை தோற்றது. கையால் சோதித்துப் பார்த்த பார்வை கேமைச் செய்தவர்களையே திருத்தியது.

இனி குறைபாடுகளுக்கு வருவோம். முதலாவது, இந்த வகை கேம்களின் அமைப்பே அவசரக்காரர்களுக்கு எதிரானது. ஆயுதமும் வித்தையும் ஒவ்வொன்றாகத்தான் திறக்கும். 2019இல் வந்த 'டெவில் மே க்ரை 5' இருபது மிஷன்கள் கொண்டது. டான்டேயின் முழு ஆயுதக் கிடங்கு நம் கைக்கு வருவதற்குள் பாதி ஆட்டத்துக்கு மேல் முடிந்துவிடும். ஒருமுறை முடித்த பிறகுதான் அடுத்த கடினநிலை திறக்கும். எதிரிகளின் வரிசை மாறி, ஒவ்வொரு காம்போவும் ஏன் வைக்கப்பட்டது என்று புரியத் தொடங்குவது அங்கேதான். 'ராக்னராக்' கேமும் அப்படித்தான். முதல் சில மணி நேரம் பனியும் கோடரியும் சங்கிலி வாள்களுமாக, 2018 கேமையே மறுபடி ஆடுவது போலத்தான் தோன்றும். 'புதிதாக ஒன்றுமில்லை' என்ற குறை அந்த இடத்தில் நியாயமாகவே எழுகிறது. வெகுதூரம் போன பிறகு ட்ராப்னிர் ஈட்டி கைக்கு வருகிறது. எறிந்த ஈட்டி எதிரியின் மேல் குத்திட்டு நிற்கும். உடனே அடுத்த ஈட்டி கையில் முளைக்கும். ஐந்தாறு ஈட்டிகளைத் தைத்துவிட்டு ஒரே பட்டனில் அத்தனையையும் வெடிக்க வைக்கலாம். அதுவரை பக்கத்தில் போய் வெட்டிக்கொண்டிருந்தவர் தூரத்தைக் கணக்கிட்டுப் போரிடத் தொடங்குகிறார். கேமின் மிகப் பெரிய புதுமை, முதல் பார்வை எழுதுகிறவரின் கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது.

இரண்டாவது, தொடக்கக் காட்சிகள்தான் எந்த கேமிலும் அதிகம் செதுக்கப்படுபவை. முன்னோட்டம் எழுதுகிறவர்களுக்கு நிறுவனங்கள் பெரும்பாலும் அந்தப் பகுதியைத்தான் கொடுக்கின்றன. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்றும் வரையறுக்கின்றன. 2010இல் வந்த 'காட் ஆஃப் வார் 3' கேமில், ஒலிம்பஸ் மலையில் ஏறும் கையா என்ற பூதாகாரத் தாயின் உடம்பே போர்க்களம். அதன்மேல் நின்று கடல் தெய்வம் பொசைடனோடு மோதுகிற அந்தத் தொடக்கத்துக்கு இணையான தொடக்கம் இந்த வகையிலேயே அரிது. அந்த உயரத்தை அடுத்த பத்து மணி நேரமும் தக்கவைக்க அதைச் செய்தவர்களாலேயே முடியவில்லை. 2018 கேமிலும், கல்தூணைச் சுழற்றும் ட்ரோல் ஒருவனோடு முதன்முதலில் மோதும்போது மலைப்பாக இருக்கும். நிறத்தையும் பெயரையும் மாற்றிக்கொண்டு அவனே திரும்பத் திரும்ப வருகிறான் என்பது நெடுநேரம் ஆடியவருக்கே தெரியும். முதல் பார்வை நிறையைத் தவறவிடுவது போலவே குறையையும் தவறவிடுகிறது.

மூன்றாவது குறைபாடுதான் என்னை அதிகம் உறுத்துவது. அடுத்த பாகம் என்றால் முந்தையதைவிட அதிக ரத்தம், அதிக வேகம், அதிக வெறி இருக்க வேண்டும் என்ற அளவுகோலோடுதான் முதல் பார்வை உட்காருகிறது. க்ரேடோஸ் 2005 முதல் கிரேக்க தெய்வங்களைப் பழிவாங்கிக்கொண்டிருந்தவன். 2013இல் வந்த 'அசென்ஷன்' அதே கோபத்தை இன்னொரு சுற்று சுற்றியபோது ரசிகர்களுக்கே சலிப்புத் தட்டியது. பிறகு 2016இல் இயக்குநர் கோரி பார்லாக்கின் குழு, 2018 கேமின் அறிவிப்பில் காட்டிய புதிய க்ரேடோஸ் தாடி வளர்த்த தகப்பன். மகன் அட்ரியஸை மான் வேட்டைக்கு அழைத்துப் போகிறான். மகனைத் தேற்ற அவன் தோளருகே கை போகிறது, தொடாமல் பின்வாங்குகிறது. அறிவிப்பைப் பார்த்து வியந்தவர்கள் உண்டு. இது எங்கள் க்ரேடோஸ் இல்லை என்று முகம் சுளித்தவர்களும் உண்டு.

திருத்தணிக்காரர்களுக்கு இந்தத் திருப்பம் அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை. கந்த சஷ்டியில் திருச்செந்தூர்க் கடற்கரை சூரசம்ஹாரத்துக்குத் திரளும்போது, திருத்தணி மலையில் சம்ஹாரம் கிடையாது. முருகனுக்குப் புஷ்பாஞ்சலி நடக்கிறது. சூரனோடு செய்த போருக்குப் பிறகு கோபம் தணிந்து அமர்ந்த இடம் இது என்பது தலபுராணம். வள்ளியை மணந்ததும் இங்கே என்பார்கள். கச்சியப்பரின் கந்தபுராணமும் யுத்த காண்டத்தோடு முடிந்துவிடவில்லை. தேவ காண்டம், தக்க காண்டம் என்று நடந்து, வள்ளி திருமணத்தில்தான் நிறைகிறது. போருக்குப் பின் போர்த்தெய்வம் என்ன ஆகும் என்ற கேள்வியை ஒரு பண்பாடு எவ்வளவு அக்கறையோடு கேட்டிருக்கிறது என்பதற்கு அறுபடைவீடுகளில் ஐந்தாவதான இந்த மலையே சாட்சி. சண்டையின் அளவை மட்டும் வைத்து அடுத்த பாகத்தை எடைபோடுகிறவருக்கு இங்கே எதுவும் அகப்படாது.

க்ரேடோஸின் கதையும் அந்தக் கேள்வியைத்தான் கையில் எடுத்தது. பழைய சங்கிலி வாள்களை அவன் வீட்டுத் தரைக்கு அடியில் புதைத்து வைத்திருக்கிறான். ஆட்டம் வெகுதூரம் போன பிறகு, நோயில் விழுந்த மகனைக் காப்பாற்ற அவற்றைத் தோண்டி எடுக்கிறான். வாள்கள் இல்லையே என்று முதல் மணி நேரத்தில் குறைப்பட்ட ரசிகருக்கு, அவை இல்லாமல் இருந்ததன் பொருள் அந்த இடத்தில் விளங்குகிறது. இழப்பாகத் தோன்றியது கதையின் முதுகெலும்பாக இருந்திருக்கிறது.

அதற்காக அந்தப் பழைய ரசிகர் சொன்னதெல்லாம் தவறு என்று ஆகிவிடாது. 2018 கேமில் தாவும் பட்டன் எடுக்கப்பட்டது. அதோடு எதிரியை அந்தரத்தில் தூக்கிப் பந்தாடும் பழைய சுகமும் பெருமளவு போனது. கேமரா தோளுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டதால் முதுகுப் பக்கத்து எதிரி தெரிவதில்லை. அதை ஈடுகட்டத்தான் க்ரேடோஸைச் சுற்றி அம்புக்குறிகளை வைத்தார்கள். மகன் குரல் கொடுத்து எச்சரிக்கும்படியும் செய்தார்கள். இவை மெய்யான மாற்றங்கள், மெய்யான இழப்புகள். முதல் நாளே இவற்றைச் சொன்னவர் சரியாகவே சொன்னார். இந்த இழப்புகளை வைத்து, க்ரேடோஸ் சாந்தமானதே தவறு என்று முடிவு கட்டியபோதுதான் அவர் தடம் புரண்டார்.

ஆக, முதல் பார்வையின் அதிகார எல்லையை ஓரளவு வரையலாம். கை உணர்வு, கேமரா, வேகம், கணினியிலோ கன்சோலிலோ ஓடும் தரம் ஆகியவற்றைப் பற்றி அது உறுதியாகப் பேசலாம். பேசியே ஆக வேண்டும். ஆயுதங்களின் மொத்த வளம், எதிரிகளின் வகை, கடினநிலைகளின் நியாயம் ஆகியவற்றில் அது ஊகத்தை ஊகம் என்றே சொல்ல வேண்டும். நாயகன் ஏன் மாறினான், கதை ஏன் திசை திரும்பியது என்ற கேள்விகளில் அது தீர்ப்பு வழங்கக்கூடாது. எத்தனை மணி நேரம் ஆடினேன், எந்தக் கடினநிலையில், எந்தக் கருவியில் என்று எழுதுகிறவர் முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். முடித்த பிறகு திரும்பி வந்து, எது நிலைத்தது, எது மாறியது என்று எழுதினால் மீதியும் தீரும். அந்த இரண்டாவது கட்டுரை அரிதாகவே வருகிறது. விமர்சகர்களிடம் நாம் வலியுறுத்திக் கேட்க வேண்டியது அதைத்தான்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் குழு 2020இல் 'ராஜி' என்ற கேமைக் கொண்டுவந்தது. துர்க்கை அருளிய திரிசூலத்தோடு அசுரரை எதிர்க்கும் ஒரு பெண்ணின் கதை. 2017இல் மக்களிடம் நிதி திரட்ட முயன்று இலக்கை எட்டாமல் போன குழு அது. கேம் வந்த ஆண்டே உலக அளவிலான கேம் விருதுகளில் சிறந்த அறிமுக இண்டி கேம் பிரிவில் பரிந்துரை பெற்றது. கோட்டைகளும் சுவரோவியங்களும் கண்ணை நிறைத்தன. சண்டையில் மட்டும் ஒரு விறைப்பு இருந்தது, அதை ஆடியவர்கள் சொன்னார்கள். இப்போது 'ராஜி: கலியுகா' என்று அடுத்த பாகம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அது வரும் நாளில், பல நூறு பேர் உழைத்த 'காட் ஆஃப் வார்' கேமின் பக்கத்தில் நிறுத்தி இரண்டு மணி நேரத்தில் தள்ளிவிடவும் ஆள் இருக்கும். நம் நாட்டு கேம் என்பதற்காகவே தூக்கி வைக்கவும் ஆள் இருக்கும். இரண்டும் அந்தக் குழுவுக்கு உதவாது. திரிசூலத்தின் வீச்சில் பழைய விறைப்பு போயிருக்கிறதா என்று முதல் நாளே கறாராகச் சொல்லுங்கள். ராஜி என்னவாக வளர்ந்திருக்கிறாள் என்பதை முழுக்க ஆடி முடித்த பிறகு எழுதுங்கள். வளர்கிற ஒரு துறைக்கு அதன் ரசிகர்கள் தர வேண்டிய மரியாதை இதுதான்.