தளர்த்தும் பொறி

ரத்த அழுத்தத்துக்கு எழுதிக்கொடுத்த அம்லோடிபைனை அம்மா பத்து நாளாகப் போடவே இல்லை என்பது தற்செயலாகத்தான் தெரிந்தது. "அது கால்சியத்தைத் தடுக்குமாம்டா. நான் எலும்புக்குக் கால்சியம் மாத்திரை போடுறேனே, ரெண்டும் எப்படிச் சேரும்?" நியாயமான கேள்விதான். தமிழில் கிடைத்த நாலைந்து மருத்துவக் கட்டுரைகளைப் படித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே கதை. கால்சியம் தசைக்குள் நுழையும், ரத்தக்குழாய் இறுகும், மாத்திரை வந்து வழியை அடைக்கும். வில்லன், ஹீரோ, சுபம்.

1995 அக்டோபரில் 'சயின்ஸ்' இதழில் மார்க் நெல்சனும் ஆறு சகாக்களும் எழுதிய ஐந்து பக்கக் கட்டுரை இந்தக் கதையைக் கலைத்துப் போடுகிறது. எலியின் மூளைத் தமனியில், தசைச் செல்லின் சவ்வுக்கு நேர் கீழே, உள்கிடங்கிலிருந்து கொஞ்சம் கால்சியம் கணநேரம் சிந்துகிறது. செல் முழுக்கப் பரவுவதற்குள் அடங்கியும் விடுகிறது. ஆனால் அதற்குள் பக்கத்திலிருக்கும் பொட்டாசிய மடைகள் திறந்துவிடுகின்றன. (அயனிக் கால்வாய் என்கிறது பாடநூல். எனக்கு மடைதான் சரி. கால்வாய் சும்மா கிடக்கும், மடையைத்தானே திறந்து மூடுகிறோம்?) பொட்டாசியம் வெளியேற, சவ்வின் மின்னழுத்தம் மாறி, வெளியிலிருந்து கால்சியத்தை உள்ளே விடும் மடைகள் மூடிக்கொள்கின்றன. தசை தளர்கிறது. ஆக, கால்சியமே கால்சியத்துக்குக் கதவடைக்கிறது!

இந்தச் சிதறலுக்குப் பெயர் 'பொறி'. 1993இல் இதயத் தசையைப் பார்த்து வைத்த பெயர். அங்கே பல பொறிகள் சேர்ந்துதான் துடிப்பாகின்றன. அதே சொல் இங்கே தளர்ச்சிக்கு வந்திருக்கிறது. கட்டுரையின் துணிச்சல் தலைப்பிலேயே இருக்கிறது. உள்ளேயோ நல்ல அடக்கம். கிடங்கைக் குலைக்கும் ரயனோடைன், தாப்சிகார்ஜின் இரண்டைக் கொடுத்தும் பொறிகள் அடங்கின, குழாய் சுருங்கியது. பொட்டாசிய மடைகளை நேரடியாக அடைத்தபோதும் ஏறக்குறைய அதே அளவு சுருக்கம். இவ்வளவு கையிலிருந்தும் 'தோன்றுகிறது' என்றுதான் எழுதுகிறார்கள்.

குறை இல்லாமலில்லை. உடலிலிருந்து பிரித்து, அழுத்தம் ஏற்றி வைத்த தமனி அது. நரம்பு இல்லை, ஓடும் ரத்தம் இல்லை. ஆனாலும் நம் கட்டுரைகளில் காணாமல்போன ஒரு கேள்வியை அது விடாமல் கேட்கிறது: கால்சியம் எங்கே?

டாக்டரிடமும் கேட்டுவிட்டு அம்மாவிடம் சொன்னேன். மாத்திரை அடைப்பது தசைச் செல்லின் மடையை, எலும்புக்குப் போகும் வழியை இல்லை.

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றாள், தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டே.