பயிற்சிக்களம் தேர்வுக்களம் ஆனபோது

மும்பை, டெல்லி, பெங்களூரு போன்ற நகரங்களின் பெரிய சட்ட நிறுவனங்களில், படிக்கும்போதே சில வாரங்கள் இன்டர்ன்ஷிப் செய்யாத தேசிய சட்டப் பல்கலைக்கழக மாணவர் இன்று அரிது. இந்த வழக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கற்றுக்கொள்ளப் போன இடம் ஆள் எடுக்கும் இடமாக மாறியதில், கற்றல் பின்னுக்குப் போய்விட்டது என்பதே என் வாதம்.

இந்தியாவில் சட்ட மாணவர் முழுநேர வேலை பார்க்க வழியில்லை. பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு விதிகளின்படி 70 சதவீத வருகைப்பதிவு வேண்டும். ஆகவே நிறுவனத்துக்குள் நுழைய இன்டர்ன்ஷிப்தான் கதவு. ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம், மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம் இன்டர்ன்ஷிப் கட்டாயம். ஓர் ஆண்டில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது.

இதன் முதல் நன்மை வாசிப்பு ஒழுக்கம். ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கும்போது, விற்பனைக்கு வந்த நிறுவனத்தின் கடன் ஒப்பந்தங்களை எல்லாம் இன்டர்ன் படிக்கிறார். பங்குகள் கைமாறினால் வங்கியின் முன் அனுமதி வேண்டுமா என்று ஒவ்வொன்றிலும் தேடுகிறார். ஒரு ஷரத்தைத் தவறவிட்டால் பேரம் முழுவதும் சிக்கலாகும் என்ற பயம், வகுப்பறையில் வராத கவனத்தைக் கொண்டுவருகிறது. தான் எழுதிய குறிப்பை அசோசியேட் ஒருவர் வரிவரியாகத் திருத்தித் தரும்போது கிடைக்கும் பாடமும் பெரியது. பல சீனியர் வழக்கறிஞர்களின் ஆபீஸ்களில் மாணவருக்குப் பேருந்துக் காசுகூடக் கிடைக்காத நிலையில், பெரிய நிறுவனங்கள் பல உதவித்தொகை தருவதையும் சொல்ல வேண்டும்.

குறையும் இதே வேலையிலிருந்துதான் பிறக்கிறது. பெரிய பேரம் எதுவும் நான்கு வாரத்தில் தொடங்கி முடிவதில்லை. மாணவரின் கைக்கு வருவது அதன் ஒரு துண்டு. அவர் கண்டுபிடித்த ஷரத்தால் விலை குறைந்ததா, பேரமே முறிந்ததா என்பது அவருக்குத் தெரியாது. கட்சிக்காரரின் முகத்தைப் பார்க்காமலே திரும்புகிறார். படிப்பைக் காக்க வந்த கால வரம்பு, கற்றலின் ஆழத்தையும் குறைத்துவிடுகிறது.

அந்த நான்கு வாரமும் வேலைவாய்ப்புக்கான மறைமுகத் தேர்வு என்பதால் கேள்வி கேட்க மாணவர் தயங்குகிறார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் படிப்பு முடியும் முன்பே நிறுவனம் தரும் வேலை உறுதி (பி.பி.ஓ.) கைநழுவுமோ என்று அஞ்சுகிறார். மும்பையில் ஒரு மாத வாடகை கட்ட முடிகிற வீட்டுப் பிள்ளைக்கும், தருமபுரி அரசு சட்டக் கல்லூரியில் படிக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கும் இந்தத் தேர்வு ஒரே கேள்வித்தாளைத் தருவதில்லை.

இங்கிலாந்தில் சொலிசிட்டர் ஆக விரும்புபவருக்கு, 2021-இல் வந்த முறையில், இரண்டாண்டுப் பணி அனுபவம் தகுதியின் ஒரு பகுதி. அதை அதிகபட்சம் நான்கு இடங்களில் பெறலாம். இலவச சட்ட உதவி மையமும் அதில் அடங்கும். இங்கோ, பட்டத்துக்குப் பின் ஓராண்டுப் பயிற்சியைக் கட்டாயமாக்க 1995-இல் பார் கவுன்சில் கொண்டுவந்த விதிகளை உச்ச நீதிமன்றம் 1999-இல் ரத்து செய்தது. எனவே வழக்கறிஞராகப் பதிவு செய்வதற்கு முன் கட்டாயமாக நம் மாணவருக்குக் கிடைக்கும் களப்பயிற்சி இந்தச் சில வாரங்களே. அவற்றை ஆள் தேர்வுக்குக் கொடுத்துவிடுவது பெரிய இழப்பு.

வரிசையை மாற்றினாலே பாதிக் குறை தீரும். விசாரணை நீதிமன்ற வழக்கறிஞரிடம் ஒருமுறையேனும் பயிற்சி பெற வேண்டும் என்கிறது விதி. பலருக்கு அது சான்றிதழோடு முடிந்துவிடுகிறது. முதல் இரண்டு ஆண்டுகளில் மாவட்ட நீதிமன்றத்திலும் சட்ட உதவி மையத்திலும் மாணவர் உண்மையாகவே உட்கார வேண்டும். வாய்தா வாங்கி வாங்கி ஓய்ந்துபோன கட்சிக்காரரைப் பார்த்தவருக்கு, ஒப்பந்தத்தின் ஒரு ஷரத்து யாரைக் காக்கிறது, யாரைக் கைவிடுகிறது என்பது தானே புரியும். நிறுவனங்கள் தம் பங்குக்கு, தங்குமிடச் செலவுக்குப் போதுமான தொகை தரட்டும். ஒரு பேச்சுவார்த்தையிலாவது இன்டர்னை உடன் உட்காரவைக்கட்டும். வேலை கிடைக்காதவருக்கும் அவர் எங்கே தேற வேண்டும் என்று எழுதிக் கொடுக்கட்டும். இவ்வளவும் செய்தால், வேலை கிடைக்காமல் திரும்பும் மாணவரும் ஏதாவது கற்றுக்கொண்டு திரும்புவார். ஒரு பயிற்சி முறையை அதை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும்.