தேக்காவில் மேளம் கேட்பது எப்படி?

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில், சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலுக்கு மாலைப் பூசைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோருக்கு நாதசுவரம் காதில் விழுகிறது, அவ்வளவுதான். பெருமாளைச் சேவித்து, தீர்த்தம் வாங்கி, துளசியை வாயில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். ஓரமாக நின்று வாசிப்பவர் என்ன வாசித்தார், அதை ஏன் அந்த நேரத்தில் வாசித்தார் என்று கேட்கத் தோன்றுவதில்லை. நுழைவுச்சீட்டு இல்லாமல் இந்த ஊரில் கேட்கக் கிடைக்கும் மிக நல்ல இசை இதுதான் என்பது என் எண்ணம். கேட்கக் கொஞ்சம் பழக வேண்டும்.

முதலில் தவிலைக் கேளுங்கள். நாதசுவரத்தின் குரல் எப்படியும் உங்களை இழுத்துக்கொண்டு போய்விடும். அதற்கு முன்னால் தவில்காரரின் கைகளைப் பார்த்துவிடுவது நல்லது. பலாமரத்தைக் குடைந்து செய்த வாத்தியம். வலந்தலையில் விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு வாசிப்பார். இன்னொரு பக்கமான தொப்பியைக் கழியால் அடிப்பார். விரல் பேசுவதையும் கழி பேசுவதையும் தனித்தனியாகப் பிரித்துக் கேட்க முடிகிறதா என்று பாருங்கள். ஒரு வாரம் விடாமல் கேட்டால் பிரிந்துவிடும். அதன் பிறகு தவில் எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். நாதசுவரம் ஒரு நீண்ட சுரத்தைப் பிடித்து நிற்கும்போது நல்ல தவில்காரர் கையை அடக்கிக்கொள்வார். அந்த அடக்கம் பல வருடப் பயிற்சியில் வருவது.

அடுத்து, நேரம். கோயில் மேளம் கடிகாரம் பார்த்து நடக்கிற இசை. விடியற்காலைக்குப் பூபாளம், இரவு பள்ளியறைக்கு நீலாம்பரி. சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரி. கம்பீரநாட்டை ராகத்தில் வருவது, சாகித்தியம் கிடையாது. நைவேத்தியத்துக்கு மடைப்பள்ளியிலிருந்து தளிகை வரும்போது வாசிக்கத் தனியாகத் தளிகை மல்லாரியே உண்டு. மல்லாரியை ரசிக்க ஒரு வழி சொல்கிறேன். முதலில் வரும் வரியை மனத்தில் பிடித்துக்கொண்டு, தொடையில் மெதுவாகத் தாளம் போடுங்கள். உங்கள் கை அதே நிதானத்தில் இருக்கும்போதே அந்த வரி இரு மடங்கு வேகத்தில் திரும்பி வரும், பிறகு அதற்கும் மேல் வேகத்தில் வரும். கை மாறாமல் இருக்க, வரி மட்டும் விரைந்து வந்து சரியான இடத்தில் இறங்கும்போது உடம்பே சிலிர்க்கும். சொல் இல்லாத இசை அலுக்கும் என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும்.

வாசிப்பவரின் கண்ணையும் பாருங்கள். அது அர்ச்சகரின் கையில் இருக்கும். திரை விலகும் நொடிக்கும் தீபாராதனை எழும் நொடிக்கும் அவர் ராகத்தை எங்கே இருந்தாலும் முடித்துக்கொண்டு வந்து சேர வேண்டும். சபா மேடையில் பாடகர் விருப்பப்படி ஆலாபனையை நீட்டலாம். இங்கே நேரம் சாமியுடையது.

கோயில் மேளக்காரர்கள் சம்பளத்துக்கு வாசிப்பவர்கள். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் குடும்பத்தை விட்டு, வேலை அனுமதியில் வந்தவர்கள் இவர்களில் பலர். நம்மில் சிலருக்கு இதனாலேயே ஒரு குறை தோன்றுகிறது. காசுக்கு வாசிக்கிறார், அதில் பக்தி எங்கே என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வார நாட்களில் அலுவலகத்தில் கணக்கு எழுதிச் சம்பளம் வாங்குகிறேன். தைப்பூசத்தன்று தண்ணீர்ப் பந்தலில் தொண்டூழியராக நிற்கிறேன். பந்தலில் கால் வலித்தால் உட்காரலாம், அடுத்த வருடம் வராமலும் இருக்கலாம். யாரும் கேட்க மாட்டார்கள். தவில்காரருக்கு அந்தச் சலுகை இல்லை. புரட்டாசிச் சனிக்கிழமையில் நிற்க இடமில்லாத கூட்டத்துக்கு வாசித்தவர், செவ்வாய்க்கிழமை நாலு பேருக்கும் அதே சுத்தத்தோடு வாசிக்க வேண்டும். ஆகவே கூட்டமில்லாத நாளில் போய்க் கேளுங்கள். அவர் தொழிலின் தரம் அன்றைக்குத்தான் தெரியும்.

தைப்பூசத்துக்கு வேறு காது வேண்டும். பெருமாள் கோயிலிலிருந்து கிளம்பும் காவடிகள் செலிகி சாலை வழியாக டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடக்கின்றன. ஊர்வலத்தில் கைகலப்புகள் நடந்ததால் 1973ல் வழி நெடுக வாத்திய இசை தடை செய்யப்பட்டது. நாற்பது வருடங்களுக்கு மேல் சிங்கப்பூர்த் தைப்பூசம் கைத்தட்டலாலும் பாட்டாலும் ‘வேல் வேல்’ முழக்கத்தாலும் நடந்தது. 2016ல் வழியில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. அதன் பிறகு கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்ந்தன. அந்த வெறும் குரல் காலத்தையும் குறைவாக நினைக்க வேண்டாம். தாளம் போட ஒன்றுமில்லாதபோது மனிதர்கள் தங்கள் நடையையே தாளமாக்கிக்கொண்டார்கள். காவடிக்காரரின் கால் சதங்கையோடு பத்துப் பேரின் கைத்தட்டு சேர்ந்துகொள்வதை இன்றும் நேரடி இசைக்கு அனுமதி உள்ள இடங்களுக்கு இடைப்பட்ட தெருக்களில் கேட்கலாம்.

கோயில் திருவிழாக்களிலும் கல்யாண ஊர்வலங்களிலும் உறுமி மேளம் கிடைத்தால் விடாதீர்கள். உடுக்கை போல் இடை சிறுத்த வாத்தியம். ஒரு தலையை அடிப்பார்கள், இன்னொரு தலையை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். தேய்ப்பில் எழும் முனகல்தான் அதன் உயிர். அதைக் கேட்க வேண்டுமானால் பத்தடி தள்ளி நில்லுங்கள். பக்கத்தில் நின்றால் அடி மட்டும்தான் கேட்கும். வாசிப்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே பிறந்து வளர்ந்த இளைஞர்கள். கல்யாணத்துக்குக் காசு வாங்கும் அதே பையன், நண்பன் காவடி எடுத்தால் காசைப் பற்றிப் பேச மாட்டான். இரண்டு இடத்திலும் அவன் அடி ஒன்றுதான். ஆனால் காவடிக்கு வாசிக்கும்போது அவன் பார்ப்பது ஒரே ஒருவனை. காவடிக்காரன் தளர்ந்தால் மேளம் ஏறும், அவன் நின்றால் காத்திருக்கும். இங்கே மேளம் வேடிக்கை பார்க்கும் நமக்காக அடிக்கப்படுவதில்லை. அது புரிந்துவிட்டால் ஒரே தாளம் திரும்பத் திரும்ப வருகிறதே என்ற குறை போய்விடும்.

தொண்டாக இசை வளர்ந்த இன்னோர் இடம் மக்கள் கழகம். அதன் சிங்கப்பூர் இந்திய இசைக்குழு 1985ல் தொடங்கியது. லலிதா வைத்தியநாதன் நெடுங்காலம் நடத்தி வளர்த்தார். வீணை, வயலின், புல்லாங்குழல், சித்தார், தபலா, மிருதங்கம் எல்லாம் ஒரே மேடையில். பகலில் வேறு வேலையோ படிப்போ உள்ளவர்கள் மாலையில் கூடி ஒத்திகை பார்ப்பது இது மாதிரியான குழுக்களின் வழக்கம். மார்கழிச் சபாவின் தனி வித்துவானைத் தேடி அங்கே போகாதீர்கள். வயலின் விற்கள் எல்லாம் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குகின்றனவா, ஒரு பகுதி வாசிக்கும்போது மற்றது குரலைத் தாழ்த்துகிறதா என்று கேளுங்கள். பெயர் தெரியாத ஒருவர் தன் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டு வாசிப்பதில் ஒரு தனி இன்பம் இருக்கிறது.

ஆனால் இப்படித் தொண்டாக வாசிப்பவர்கள் யாரிடம் கற்றார்கள்? 1949ல் தொடங்கிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் மாதிரியான பள்ளிகளில், சம்பளம் வாங்கிக்கொண்டு அதே வர்ணத்தை வருடா வருடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர்களிடம். கோயிலில் ஒரு பெண் காசு வாங்காமல் பாடும் கீர்த்தனைக்குள் அவளுடைய ஆசிரியரின் மாதச் சம்பளம் இருக்கிறது. தொண்டு உயர்ந்தது, கூலி தாழ்ந்தது என்று பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

திருவையாற்றில் தியாகராசர் ஆராதனைக்குப் பெரிய வித்துவான்கள் சன்மானம் வாங்காமல் வந்து, மாணவர்களோடு தரையில் உட்கார்ந்து பஞ்சரத்தினம் பாடுகிறார்கள். அங்கே தியாகராசரின் சமாதிக்குக் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். கச்சேரி பாடி ஈட்டிய பணத்தை அதில் போட்டார். கூலி இல்லாமல் பாடும் அந்த இடமே ஒரு பெண்ணின் பாட்டுக் கூலியில் எழுந்தது. எனக்கு இந்த விஷயத்தில் வழிகாட்டி அந்த அம்மாதான். தன்னிடம் இருந்ததை அவர் கொடுத்தார்.

நான் உதவி செய்த ஒரு விழாவில் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் சாப்பாட்டுக்கும் பணம் ஒதுக்கியிருந்தார்கள். மேளக்காரர்களிடம் மட்டும், ‘சேவையாகச் செய்துகொடுங்கள், சாமி காரியம்’ என்றார்கள். கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் கோபம் வந்தது. வேறு சம்பளம் உள்ளவன் தன் ஓய்வு நேரத்தைக் கொடுப்பது தொண்டு. வாசிப்பே வயிற்றுப்பாடாக இருப்பவரிடம் அதைக் கேட்பது அநியாயம்.

ஆகவே ரசிகருக்கும் ஒரு முறை உண்டு. கல்யாணத்துக்கு மேளம் பேசும்போது எத்தனை மணி நேரம், எத்தனை பேர், எவ்வளவு வெள்ளி என்பதை முன்கூட்டியே பேசி, முடிந்த அன்றே கொடுங்கள். தாலி கட்டியதும் மேளத்தை மறந்து பந்திக்கு ஓடாதீர்கள். வாசித்தவர்கள் சாப்பிட்டார்களா என்று பாருங்கள். கோயிலில் வாசிப்பு பிடித்திருந்தால், பூசை முடிந்து அவர் நாதசுவரத்தின் சீவாளியைக் கழற்றும்வரை காத்திருந்து, என்ன ராகம் என்று கேளுங்கள். இடையில் கேட்க வேண்டாம். கைபேசியை முகத்துக்கு நேரே நீட்டவும் வேண்டாம். அவர் ராகத்தின் பெயரைச் சொல்வார். நேரமிருந்தால் யாரிடம் கற்றார் என்றும் சொல்வார். அந்த ராகத்தை வீட்டுக்குப் போய்த் தேடிக் கேட்டுவிட்டு, அடுத்த வாரம் அதே நேரத்துக்கு மறுபடி போங்கள்.